சிவராமின் கட்சி

சிவராம் இல்லாமல் தர்க்கத்தை எப்படி நடத்துவது என்பதுதான் அன்று காலை கனகதாஸின் டீக்கடையில் பிரச்சினை.

கடை குன்னத்துகால் பஞ்சாயத்தின் ஓரத்தில், தமிழ்நாட்டுக்குப் போகும் குறுக்கு ரோட்டில் இருந்தது. ரோட்டின் நடுவில் செம்மண்ணைக் குவித்து அந்தப் பக்கத்துப் போலீஸ் வழியை அடைத்திருந்தது. கடை முன்னால் 'பார்சல் மட்டும்' என்று ஓர் அட்டை தொங்கியது. ஆட்கள் டீயைப் பார்சலாக வாங்கிக்கொண்டு கடைக்குப் பின்புறம் போய் நின்று குடித்தார்கள். சட்டத்துக்கும் பங்கமில்லை, டீக்கும் பங்கமில்லை.

தர்க்கம் ஒரு வருஷமாக ஒன்றேதான். இந்தக் கொரோனா நிஜமாகவே கொடிய நோயா, இல்லை சும்மா ஊதிப் பெரிதாக்குகிறார்களா? 'ஒன்றுமில்லை, வெறும் ஜலதோஷம்' என்கிற கட்சிக்குத் தாணு. 'கொடியது, கும்பிட்டு விலகி நில்' என்கிற கட்சிக்கு அவருடைய மச்சான் சிவராம். மற்றவர்கள் டீயோடு சேர்த்து இதையும் குடிக்க வருகிறவர்கள்.

தாணுவுக்கு வாடகைக் கடை. நாற்காலி, பந்தல் சாமான், உருளி, சருவம் என்று சமையல் பாத்திரங்கள், மைக்செட். பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை யார் வீட்டுக் கல்யாணமானாலும் தாணுவின் நாற்காலியில்தான் ஊர் உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு இருபது பேர் போதும் என்று அரசாங்கம் சொன்ன அன்றே நாற்காலிகள் எல்லாம் வேலையிழந்தன. கூரை முட்ட அடுக்கிவைத்த நாற்காலிகளைத் தினமும் பார்க்கிற மனிதர் கொரோனாவை எப்படி நம்புவார்? நம்பினால் தூக்கம் வருமா?

சிவராம் தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகன் வளைகுடாவில் மாட்டிக்கொண்டிருந்தான். அவர் சட்டைப்பையில் சானிடைசர், முகத்தில் இரண்டு மாஸ்க், மண்டைக்குள் முந்தின நாள் மாலை டிவியில் சொன்ன எண்ணிக்கைகள். சில்லறை வாங்கினால் அதையும் சானிடைசரில் குளிப்பாட்டித்தான் பையில் போடுவார்.

இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். கிளார்க்குக் குடும்பத்துப் பெண்ணை வாடகைக் கடைக்காரனுக்குக் கொடுப்பதா என்று தாணுவின் மனைவி ஆனந்தவல்லியின் அப்பா அன்றைக்கு முறுக்கியபோது, ஒரு மாதம் தர்க்கம் பண்ணி அப்பாவைத் தோற்கடித்துத் தன் தங்கையைத் தாணுவுக்குக் கட்டிவைத்தவர் சிவராம்தான். அந்த நன்றி தாணுவுக்கு உண்டு. அதற்காகத் தர்க்கத்தில் விட்டுக்கொடுத்ததில்லை.

சிவராம் கடைசியாக வந்த நாளில் தர்க்கம் கொஞ்சம் எல்லை மீறிவிட்டது.

"எலே சிவராமா, அந்தக் கோவணத்த மூஞ்சியிலயிருந்து கழத்துலே. ஒரு டீ குடிச்சா செத்தா போவ?" என்று தாணு எட்டி மாஸ்கைப் பிடித்துக் கீழே இழுத்தார். கூட்டம் சிரித்தது. சிவராமுக்கு ரோஷம் வந்துவிட்டது. எல்லோருக்கும் நடுவில் நின்று ஒரு டீயை முழுசாகக் குடித்தார். அந்தக் கூட்டத்தில் யாருக்குக் காய்ச்சல் இருந்ததோ, யார் இருமினார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். நான்கைந்து நாளில் சிவராமுக்குக் காய்ச்சல். பிறகு மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்து கொரோனா சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனது.

தாணுவுக்கும் ஆனந்தவல்லிக்கும் பரிசோதனையில் ஒன்றுமில்லை. இருந்தாலும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டியதாயிற்று. அந்த நாள்களில் ஆனந்தவல்லி புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை முன்னால் வைப்பாள். வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியது எல்லாம் இருந்தது. சிவராமின் போனுக்குத் தாணு எத்தனை தடவை அடித்தாலும் சுவிட்ச் ஆஃப்.

குவாரன்டைன் முடிந்து தாணு அன்று காலைதான் வெளியே வந்திருந்தார்.

"தாணண்ணே, நீங்க ரெண்டுபேரும் இல்லாம கடை சுடுகாடு கணக்கா கிடக்கு," என்றான் கனகதாஸ். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சிவராம் இல்லாம நான் ஆருகிட்ட பேச?"

"நம்ம அகிலேஷ் பேசட்டும், சிவராமண்ணனுக்க கட்சிய."

அகிலேஷ் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருப்பவன். ஆர்வம் மட்டும் உண்டு. "கொரோனா வந்தா கண்ணு போவும், காது போவும், ஒரு வருஷத்துக்கு முடி முளைக்காது…" என்று அவிழ்த்துவிட ஆரம்பித்தான்.

தாணுவால் பொறுக்க முடியவில்லை. ஒரு வருஷமாகத் தன்னோடு மல்லுக்கட்டிய கட்சி இப்படிக் கேட்பாரற்றுப் போவதா?

"எலே நிறுத்து. சிவராம் இப்பிடியா பேசுவான்? அவன் என்ன சொல்லுவான் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். சிவராம் சொன்னதையெல்லாம் சொன்னார். படுக்கை கிடைக்காத ஊர்களைச் சொன்னார். பாலராமபுரத்தில் ஒரே வீட்டில் தகப்பனும் மகனும் போனதைச் சொன்னார். செத்தவர் முகத்தைக் காட்டாமல் பொதிந்து கட்டி எடுத்துப் போவதைச் சொன்னார். சொந்தபந்தம் நாலு பேர் தூக்க வேண்டியதை முழுக்க மூடிய நாலு அந்நியர் தூக்குவதைச் சொன்னார். எத்தனை தடவை காதில் விழுந்த பேச்சு! தன் வாயிலிருந்து வந்தபோதுதான் முதல்தடவையாகக் கேட்டது.

கூட்டத்தில் ஒருவர் மாஸ்கை மூக்குக்கு மேல் ஏற்றினார். இன்னொருவர் பாதி டீயை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அகிலேஷ் போனை உயரப் பிடித்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்ததைத் தாணு பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தவர் எழும்பவில்லை. மத்தியானம் வைத்த கஞ்சி மூடினபடியே இருந்தது. 'நான்தான் அவனைக் கொன்னேன்' என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஆனந்தவல்லி அன்று மத்தியானத்துக்கு மேல் முதல்தடவையாக அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுபோய்ச் சிகிச்சை மையத்தின் கேட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தாள். கூட வருகிறேன் என்ற தாணுவை, "நீங்க வராண்டாம்," என்ற இரண்டே சொல்லில் நிறுத்தியிருந்தாள். இப்போது அடுக்களையில் உட்கார்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுயஉதவிக் குழுவுக்கு அவள் செயலாளர். மாஸ்க் தைத்துக் கொடுக்கும் வேலை நடந்ததால் போனும் கையுமாகத்தான் இருப்பாள்.

அந்தி நேரத்தில் தாணுவின் போனில் மெசேஜ் வந்தது. பெயரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார். சிவராம்!

"போன் இப்பத்தான் சரியாச்சு. கூப்பிடாத, பேசினா மூச்சு முட்டுது. எழுது."

"மச்சான், நான் தோத்துட்டேன். நீ சொன்னதாக்கும் சரி. இது கொடிய ரோகம். என்ன மன்னிச்சிருலே," என்று தாணு எழுதினார்.

பதில் உடனே வந்தது.

"மடையா, இங்க சுத்திக் கிடக்கவனெல்லாம் கொடியது கொடியதுன்னுதான் அழுகான். நீயும் அதையே சொன்னா நான் எங்க போக? ஒருத்தனாவது ஒண்ணுமில்லேன்னு சொல்லாண்டாமா? தோக்காத. தர்க்கம் பண்ணு. அதுக்கு முந்தி போய்க் கஞ்சியக் குடி. தொடாம வச்சிருக்கியாமே."

தாணு திகைத்தார். ஆனந்தவல்லி அண்ணனிடம் சொல்லியிருப்பாள். எழுந்து போய் ஆறிப்போன கஞ்சியைக் குடித்தார். ஆனந்தவல்லி துவையலை எடுத்து அருகில் வைத்தாள். இந்தத் தடவை சத்தம் கேட்கவில்லை.

அன்றிலிருந்து தாணுவின் பிழைப்பு இரண்டாகப் பிரிந்தது. காலையில் டீக்கடையில் சிவராமின் கட்சி. அந்தக் கட்சிக்கு வேறு நாதியில்லை. சாயங்காலம் போனில் தன் பழைய கட்சி. அதைச் சொல்லாவிட்டால் மச்சானுக்கு மனம் விட்டுப்போகும். காலையில் நம்பிப் பேசியதை மாலையில் நம்பாமல் மறுத்தார். ஒரு வருஷம் வாய் ஓயாமல் கத்திய 'வெறும் ஜலதோஷம்' என்ற இரண்டு சொல்லை இப்போது ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவதற்குள் வியர்த்துவிட்டது.

சிவராமும் சும்மா இல்லை. நோயில் விழுந்த பிறகு ஆளுக்குப் புத்தி கூர்மையாகிவிட்டது என்று தாணுவுக்குத் தோன்றியது. முன்பெல்லாம் எண்ணிக்கையாகக் கொட்டுவார். இப்போது ஓர் எண்ணிக்கை கிடையாது. நேரே நெஞ்சில் குத்தினார்.

"ஒண்ணுமில்லாத ரோகமானா நீ என்னத்துக்குப் படுக்கையில புரண்டு புரண்டு கிடக்க?"

"உனக்க நாற்காலி சும்மா கிடக்குன்னு சொல்லி, ஊரில ரோகமே இல்லேன்னு சாதிக்க. எனக்குத் தெரியாதா உன்னை?"

ஒரு வருஷத் தர்க்கத்தில் சிவராம் ஒருநாளும் அந்த நாற்காலிகளைத் தொட்டதில்லை. தாணு நெடுநேரம் அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, 'ஆமாலே' என்று அடித்து, அழித்து, 'போலே' என்று அனுப்பினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அகிலேஷ் அந்த வீடியோவை ஊர் நூலகத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். 'ஜலதோஷம் தாணு மனம் மாறினார்' என்று தலைப்பு வேறு. அந்தக் குரூப்பில் சிவராமும் உண்டு. தாணு செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் மொபைல் கடைக்கு ஓடினார்.

"எலே, அத அழிச்சிரு! சிவராம் பாத்தா அவன் கதை முடிஞ்சுது!"

"அழிச்சா என்ன மாமா? குடும்பஸ்ரீ குரூப் வர போயாச்சு. பஞ்சாயத்து மெம்பரே பாத்துட்டு போன்ல விளிச்சாரு," என்று பெருமையாகச் சொன்னான் அகிலேஷ்.

அன்று அந்தியில் பயந்துகொண்டே போனைத் திறந்தார். மெசேஜ் காத்திருந்தது.

"வீடியோ கண்டேன். எனக்க கட்சிய நீ எடுத்தியாலே?"

"சும்மா நடிச்சது மச்சான். நீ வாற வர உனக்க கட்சி அனாதையா கிடக்கப்பிடாதுல்லா. நான் ஒண்ணும் நம்பல்ல," என்று தாணு புளுகினார்.

பதில் வந்தது.

"நல்லா பேசின. கண்ணு நிறைஞ்சுது. நாளைக்கும் மிக்சரத் தின்னுட்டு சோறு வேண்டாம்னு சொல்லாத."

அந்தக் கண் நிறைந்தது தாணுவை என்னவோ செய்தது. சிவராம் அழுது அவர் பார்த்ததில்லை.

மறுநாள் மெம்பர் சுனில்குமார் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்.

"தாணுவண்ணா, வீடியோ அசலாயி, பிரமாதம்! இனி நம்ம பஞ்சாயத்துக்கு நீங்கதான் அறிவிப்பு. உங்க மைக்செட்டு, உங்க சத்தம், என் ஆட்டோ. கொரோனா கொடியதுன்னு ஊர் முழுக்கச் சொல்லணும்."

தாணு மனசுக்குள் ஆட்டோ போகிற வழியைப் பார்த்தார். ஆட்டோ சுற்றினால் சிகிச்சை மையம் வழியாகவும் போகும். நெய்யாற்றின்கரை ரோட்டிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தைத்தான் அப்படி மாற்றியிருந்தார்கள். மாடி ஜன்னலுக்குள் சிவராம்.

"தொண்டை சரியில்ல மெம்பரே," என்றார்.

"அப்ப ஒருதடவை பேசி ரெக்கார்டு பண்ணுவோம். காலையிலருந்து சாயங்காலம் வர தன்னால ஓடிக்கிட்டே இருக்கும்."

நாள் முழுக்கவா! "வேண்டாம், வேண்டாம், நேர்லயே பேசுதேன். பின்ன, அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் மட்டும் வேண்டாம். ரோகிகள் கிடக்காங்க, சத்தம் போடப்பிடாது."

"நல்ல வேளை ஞாபகப்படுத்தினீங்க!" என்றார் மெம்பர். "அந்தக் கேட்டுலதான் சொந்தக்காரங்க கூட்டங்கூடி நிக்காங்க. அப்ப அங்க முதல்ல போவோம்."

தாணு வாயை மூடிக்கொண்டார். இன்னும் ஒரு யோசனை சொன்னால் ஆட்டோ மாடிப்படி ஏறிவிடும்.

புறப்படும்போது ஆனந்தவல்லி நெடுநாளுக்குப் பிறகு தானாகப் பேசினாள்.

"எந்தப் பக்கமாக்கும் போறீங்க?"

"பள்ளிக்கூடத்துப் பக்கம்."

துணியில் ஓடிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது. "அங்க போகாண்டாம்."

"மெம்பர் கேக்க மாட்டேங்காரு."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆட்டோ ஹார்ன் அடித்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக் கேட்டில் கூட்டம் இருந்தது. தூக்குப்பாத்திரமும் துணிப்பையுமாக நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டால் எல்லோரும் ஒருசேர நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் தாணுவுக்கு மனம் பொடிந்துபோயிற்று. எத்தனை கல்யாணப் பந்தலில் பார்த்த முகங்கள்! எல்லாம் தன் நாற்காலியில் உட்கார்ந்து பாயசம் குடித்தவை.

"பேசுங்க அண்ணா," என்று மெம்பர் மைக்கைக் கையில் திணித்தார்.

"பிரியமுள்ள நாட்டுக்காரே…" என்று தொடங்கினார். "இந்தக் கொரோனா…"

மாடி ஜன்னலில் ஓர் உருவம் தெரிந்தது. பாதியாக மெலிந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. முகத்தில் இரண்டு மாஸ்க். உலகத்தில் வேறு யாராக இருக்க முடியும்?

தாணு ஊரை மறந்தார், பஞ்சாயத்தை மறந்தார்.

"எலே சிவராமா! ஒண்ணுமில்லலே! வெறும் ஜலதோஷமாக்கும்! நான் சொல்லுதேன் கேளு, சுக்குக் காப்பி குடிச்சா போயிரும்! பயப்படாத! நீ வீட்டுக்கு வந்துருவ, எல்லாரும் வீட்டுக்கு வந்துருவாங்க! கேட்டியா மச்சான், வெறும் ஜலதோஷம்!"

சொல்லச் சொல்லக் கண்ணீர் மாஸ்குக்குள் இறங்கியது. ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்தது. சாதாரணமாகக் கல்யாண வீட்டில் கரகரக்கும். அன்று நெய்யாறு வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஐயோ சதிச்சல்லோ!" என்று மெம்பர் தலையில் கைவைத்து, ஒயரைத் தேடி, தவறான ஒயரைப் பிடுங்கினார். ஆட்டோவின் இன்ஜின் நின்றது. மைக் நிற்கவில்லை. "வெறும் ஜலதோஷம்!" என்று இன்னொருதடவை முழங்கியது. தூக்குப்பாத்திரத்தோடு நின்ற ஒரு பெண் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விசும்பினாள்.

மாடியில் நின்ற உருவம் மெல்ல ஒரு கையை உயர்த்தியது. சுட்டுவிரலை நீட்டி, இடமும் வலமுமாக ஆட்டியது. இல்லை, இல்லை. ஒரு வருஷமாக டீக்கடைக்குப் பின்னால் ஆட்டிய அதே விரல்!

"கண்டீரா மெம்பரே, ஒத்துக்க மாட்டேங்கான்! அவன் பிழைச்சிட்டான்!" என்று தாணு ஆட்டோவிலேயே துள்ளினார்.

வெள்ளை உடுப்பில் தலை முதல் கால்வரை மூடிய நர்ஸ் ஒருத்தி கேட்டுக்கு விரைந்து வந்தாள். நெஞ்சில் மார்க்கர் பேனாவால் 'ஜின்சி' என்று எழுதியிருந்தது.

"ஆராக்கும் இந்த மைக்கு? ரோகிகள் கிடக்கது தெரியாதா?"

"மக்கா, மன்னிக்கணும். நான் சிவராமுக்க மச்சான். அவனுக்குத் தைரியம் குடுக்க…"

ஜின்சியின் குரல் தணிந்தது. "ஓ, தாணு அங்கிளா? சாரு இன்னைக்குத்தான் கட்டிலை விட்டு எழும்பி நிக்காரு. உங்க சத்தம் கேட்டு எழும்பினதாக்கும். இத்தன நாளும் ஆக்சிஜன்லதான கிடந்தாரு, பாதி நேரம் கண்ணத் தொறக்கல்ல, போதமே இல்ல. ஆளு மீண்டதே பாக்கியம்."

தாணு சிரித்தார். "கள்ளம் சொல்லாத மக்கா. போதமில்லாதவனா தினமும் அந்திக்கு எனக்கு மெசேஜ் போடுகான்? நேத்துகூட, தலையில எண்ணெய் வைக்காம வெயில்ல போகாதன்னு எழுதியிருந்தானே!"

ஜின்சி கண்ணாடிக்குள்ளிருந்து அவரையே பார்த்தாள்.

"சாருக்க போனா? சாரு வந்த அன்னைக்கே அத சானிடைசர்ல முக்கிக் கெடுத்துட்டாரே அங்கிள்! அதுக்குள்ள இருந்த சிம் கார்ட உங்க வீட்டு ஆன்டிதான், முதல் நாள் கஞ்சி கொண்டு வந்தப்ப, 'எனக்க வீட்டிலயும் ஒரு ரோகி கிடக்காரு, அவருக்கு வேற மருந்தில்ல'ன்னு அழுதுட்டே கேட்டு வாங்கிட்டுப் போனாங்க."